பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது?

மிச்சிகனுக்குக் குடிவந்த முதல் ஆகஸ்டில், எதிர்வீட்டுப் பெரியவரின் பழைய காரைப் பார்த்து, "ஐம்பத்தேழு செவ்ரலேயா?" என்று கேட்டுவிட்டேன். காலண்டரிலும் சுவரொட்டியிலும் பார்த்து மனதில் பதிந்திருந்தது அந்த ஒரு வருஷம்தான். அந்தக் காலத்து அமெரிக்கக் கார் எது கண்ணில் பட்டாலும் வாயில் அதுதான் வரும். பெரியவர் கோபப்படவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இதில் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று கண்டுபிடி. அப்புறம் வருஷத்தைப் பற்றிப் பேசலாம்" என்றார்.

காரை இரண்டு சுற்று சுற்றினேன். பக்கவாட்டில் மூடி இல்லை. டிக்கிக்குக் கீழே இல்லை. சில பழைய கார்களில் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் என்று யாரோ சொன்ன நினைவில், குனிந்து அதையும் இழுத்துப் பார்த்தேன். ஊஹூம். கடைசியில் அவரே வந்து இடதுபக்க டெயில் லைட்டைப் பிடித்தார். சிவப்புக் கண்ணாடி, அதைச் சுற்றிய க்ரோம் கூடு எல்லாமாகச் சேர்ந்து கீல் வைத்த கதவு மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே, எண்ணெய் படிந்த ஒரு மூடி. கேடிலாக் 1941-லேயே செய்த வித்தை. செவ்ரலேவுக்கு அது 1956-ல் வந்தது.

"இதற்கு முந்தைய வருஷம் பக்கவாட்டில் சாதாரணக் கதவு. அடுத்த வருஷம் ஃபின்னுக்குள், அதாவது பின்மூலையில் துடுப்பு மாதிரி நிற்கும் தகட்டுக்குள், போய்விட்டது. மூன்று வருஷம், மூன்று இடம்" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அடுத்தடுத்த வருஷத்துக் கார்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் வழி கொஞ்சம் தலைகீழானது: எது மாறியது என்று தேடுவதற்கு முன்னால், எது மாறவில்லை என்று பார்ப்பேன்.

இதற்குக் காரணம் என் தொழில். காருக்குத் தகடு அடிக்கும் டை, அதாவது அச்சு, வரைகிற வேலை எனக்கு. ஒரு கதவின் வடிவத்தை மாற்றினால் கீல், பூட்டு, கண்ணாடி, ரப்பர் பீடிங் என்று ஒரு ஊர்வலமே பின்னால் வரும். கூரையை மாற்றினால் கேட்கவே வேண்டாம். அதனால், ஒரே உடம்புக் கூட்டை வைத்துக்கொண்டு புது மாடல் காட்ட வேண்டுமானால் கூரையிலும் கதவிலும் கை வைக்க மாட்டார்கள். முன் மட்கார்டு, பேனட், க்ரில், பம்பர், விளக்கு, பக்கவாட்டுக் க்ரோம் பட்டை, இவற்றில்தான் விளையாடுவார்கள். பெரும்பாலும் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வருகிற சாமான்கள். நம்மூர் அம்பாசடர் மார்க் மாறும்போதெல்லாம் க்ரில்லும் விளக்கும் மாறி, உடம்பு அப்படியே இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது பல வருஷத்துக்கு ஒருமுறை நடந்தது. அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்டில் அன்று வருஷா வருஷம் நடந்தது. செவ்ரலே, கேடிலாக் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் வேரூன்றிய வியாபார உத்தி அது. போன வருஷம் வாங்கியவனுக்கு இந்த வருஷம் தன் கார் பழசாகத் தெரிய வேண்டும். அதைத் தகட்டில் செய்துகாட்ட ஹார்லி ஏர்ல் என்கிற டிசைனர் 1927-ல் அங்கே வந்து சேர்ந்தார்.

செவ்ரலேயின் 1955, 56, 57 மாடல்கள்தான் இதைப் படிக்கச் சிறந்த பாடப்புத்தகம். மூன்றையும் பக்கவாட்டில் நிறுத்தி, முன்னையும் பின்னையும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே கார். அதே கூரை வளைவு. கதவுகளின் மேல்விளிம்பு நேராக வந்து, பின்பக்கம் லேசாக இறங்கி மறுபடி ஏறும் அதே நெளிவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மூன்றிலும் 115 அங்குலம். ஆனால் மொத்த நீளத்தை அளந்தால் 55-ல் 195.6 அங்குலம், 56-ல் 197.5, 57-ல் சரியாக 200. சக்கரங்களுக்கு நடுவே ஓர் அங்குலம்கூட நீளாமல், மூக்கும் வாலும் மட்டும் நாலு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கின்றன! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது சிரித்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் இன்றும் நடக்கிற கதைதான் அது.

இனி கையை எடுத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள். 55-ன் க்ரில் சின்னது. முட்டைத் தட்டு மாதிரிச் சதுரக் கட்டம், இரண்டு ஹெட்லைட்டுக்கு நடுவில் அடக்கமாக இருக்கும். ஃபெராரியைப் பார்த்து வந்த யோசனை. எனக்கு மூன்றிலும் அழகான முகம் அதுதான். ஆனால் அன்றைக்குச் செவ்ரலே வாங்குகிற ஜனங்களில் பலருக்கு அது ரொம்ப எளிமையாகப் பட்டிருக்கிறது. 56-ல் க்ரில் அகலம் முழுக்கப் பரவி, இண்டிகேட்டர் விளக்குகளையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. 57-ல் பம்பரும் க்ரில்லும் சேர்ந்து ஒரே வாயாகிவிட்டன. பம்பரில் இரண்டு குண்டு முனைகள், பேனட் மேல் துப்பாக்கிக் குறி மாதிரி இரண்டு அலங்காரங்கள். பெல் ஏர் என்கிற உயர்ந்த வகையில் க்ரில்லே தங்க நிறம். ஹெட்லைட்டைச் சுற்றிய கூட்டை உற்றுப் பார்த்தால் வலை தெரியும். அது வெறும் ஜோடனை இல்லை. உள்ளே காற்று போகிற வழியை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

சக்கரமும் ஒரு தந்திரம். 55, 56-ல் 15 அங்குலம். 57-ல் 14 ஆக்கிவிட்டார்கள். கார் தாழ்ந்து, அதனாலேயே நீண்டு தெரிந்தது. தகட்டில் செலவு செய்யாமல் கிடைத்த நீளம்.

57 உண்மையில் பழைய கூட்டில் வர வேண்டியதே இல்லை. அந்த வருஷத்துக்குப் புதிய கார்தான் திட்டம். அது தள்ளிப்போனதால், மூன்றாம் வருஷமும் அதே கூட்டுக்கு அலங்காரம் செய்தார்கள். ஃபோர்டு அதே 57-க்குப் புத்தம் புது உடம்போடு வந்தது. கிறைஸ்லர் காரர்களின் பிளிமத்தோ வானத்தை நோக்கி ஃபின்னை நீட்டிக்கொண்டு, 'திடீரென்று 1960 வந்துவிட்டது' என்ற பொருளில் விளம்பரம் செய்தது. அந்த மாடல் வருஷ விற்பனையில் செவ்ரலேயை ஃபோர்டு முந்தியது. பழைய கூட்டில் மேக்கப் போட்டு வந்த அந்த 57-தான் இன்றைக்கு எல்லார் வீட்டுக் காலண்டரிலும் நிற்கிறது. பாட்டி நகையைப் பேத்திக்குப் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்குமே, அப்படி.

நான் பட்ட முதல் அடி 56-ல்தான். பெரியவரின் காரில் இடது டெயில் லைட் கூடு சின்னச் சின்னப் புள்ளியாக அரித்துப்போயிருந்தது. டெட்ராய்டுக்குத் தெற்கே, பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் வாரக்கடைசிச் சந்தையில், பளபளவென்று ஒரு 56 கூட்டைப் பார்த்தேன். வருஷம் சரி, வடிவம் சரி. பேரம் பேசி வாங்கி, பெரிய மனுஷன் மாதிரிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கீல் எங்கே?" என்றார். வலதுபக்கக் கூடு அது. வலது பக்கம் பெட்ரோல் மூடி இல்லையே, அது எதற்குத் திறக்க வேண்டும்? 55-லும் 57-லும் மூடி வேறு இடத்தில் இருப்பதால் விளக்குக்கு இந்தத் தொந்தரவு இல்லை. இரண்டு கூடும் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்ததற்குக் காரணம், நான் வெளியே மட்டும் பார்த்துப் பழகியதுதான். அந்தக் கூடு இன்றும் அவர் கராஜ் சுவரில் ஆணியில் தொங்குகிறது. யாராவது வந்தால் காட்டிச் சிரிப்பார். பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் உடைந்ததையே கையோடு எடுத்துப்போய், முதுகோடு முதுகு வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது அனுபவத்தில் பணம் தப்பியது. அலுவலகத்தில் என்னைவிட இளையவர் ஒருவர், திருநெல்வேலிக்காரர். ஒருநாள் போனை நீட்டினார். "அண்ணே, ஐம்பத்தேழு பெல் ஏர்ண்ணே. ரெண்டு கதவு. விலை கட்டுப்படியாகுது. சனிக்கிழமை வர்றீங்களா?" ஒஹையோவில், டொலிடோவையும் தாண்டி. போனோம்.

வண்டி ஜம்மென்று இருந்தது. ஃபின்னை ஒட்டிக் கோடு கோடாக வரிவைத்த அலுமினியத் தகடு, தங்கக் க்ரில் என்று பெல் ஏர் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. தம்பி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தபோதே மனசுக்குள் வாங்கிவிட்டார். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கீல் இருக்கும் தூணில் நம்பர் தகட்டைத் தேடினேன். பெரியவர் தன் காரில் காட்டியிருந்த இடம். அந்த மூன்று வருஷத்துக்கும் எண்ணைப் படிக்கும் முறை சுலபம்: எட்டு சிலிண்டர் என்றால் முதலில் வி, ஆறு சிலிண்டருக்கு அது கிடையாது. அடுத்த எழுத்து வகை: ஏ என்றால் 150 என்கிற கீழ்ப்படி, பி என்றால் 210 என்கிற நடுப்படி, சி என்றால் பெல் ஏர். அதற்கடுத்த இரண்டு இலக்கம் வருஷம். பெரியவர் காரில் பி56 என்று தொடங்கும். "ஆறு சிலிண்டர், இருநூற்றுப் பத்து, ஐம்பத்தாறு. மறைக்க ஒன்றுமில்லை" என்பார்.

இந்த வண்டியில் விபி57 என்றிருந்தது.

அதாவது, வருஷம் பொய்யில்லை, எட்டு சிலிண்டரும் பொய்யில்லை. 210-க்குப் பெல் ஏர் நகை பூட்டியிருக்கிறார்கள். டிக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். பட்டையைப் பிடித்திருந்த சில துளைகள் கையால் போட்டவை, ஓரத்தில் தகடு பிசிறடித்து நின்றது. விற்றவர் தனக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னதைத்தான் தானும் நம்பியதாகச் சொன்னார். இருக்கலாம். நல்ல 210 கெட்ட கார் ஒன்றும் இல்லை, ஆனால் பெல் ஏர் விலைக்கு இல்லை. திரும்பி வரும் வழியில் தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. டொலிடோ தாண்டியதும், "நல்லவேளைண்ணே" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். போல்ட்டில் நிற்பதை நம்புவதில்லை. க்ரில், பட்டை, பெயர் எழுத்து எதுவும் சாட்சி ஆகாது, ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். கீல் தூணில் உள்ள தகடு, பேனட்டைத் தூக்கினால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) தெரியும், உடம்பைச் செய்த ஃபிஷர் பாடியின் தகடு, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பேன். இன்னொன்று, மாடல் வருஷத்தைக் காலண்டர் வருஷத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் அன்று புது மாடல் முந்தைய வருஷத்து இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். 1956 அக்டோபர் கடைசியில் செய்த கார் 57 மாடலாக இருக்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஃபோர்டின் முஸ்டாங் காரில் இந்தக் குழப்பம் இன்னும் ருசியானது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். வருஷத்தின் நடுவில் வந்ததால் முதல் சில மாதக் கார்களை ரசிகர்கள் 'அறுபத்து நாலரை' என்பார்கள். ஃபோர்டின் கணக்கில் அவையும் 1965 மாடல்தான். 65-க்கும் 66-க்கும் தகட்டில் வித்தியாசம் தேடினால் நேரம்தான் வீண். க்ரில்லைப் பாருங்கள்: 65-ல் தேன்கூடு, நடுவில் குதிரையிலிருந்து இரண்டு பக்கமும் பட்டை நீளும். 66-ல் மெல்லிய கிடைக்கோடுகள், சாதாரண மாடலில் குதிரை பட்டையில்லாமல் தனியாக ஓடும். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பொய்க் காற்றுத்துளையில் மூன்று விரல் மாதிரிக் க்ரோம் நீட்டியிருந்தால் 66. உள்ளே எட்டிப் பார்த்தால், 65-ன் சாதாரண மாடலில் ஃபால்கன் காரிலிருந்து வந்த நீளவாட்டு ஸ்பீடோமீட்டர், 66-ல் ஐந்து வட்டங்கள். இவையும் மாற்றக்கூடியவைதான். பேனட்டுக்குள் இடது மட்கார்டின் உட்பக்கத் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணின் முதல் இலக்கம் 5-ஆ 6-ஆ என்று பார்த்தால் வழக்கு முடிந்தது.

அறுபதுகளின் கடைசிக் கார்களுக்குப் பெரியவர் ஒரு குறுக்குவழி சொன்னார். நூறு முறை உதவியிருக்கிறது. நான்கு மூலைகளிலும் பக்கவாட்டில் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்கிறதா என்று பார். இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிந்தையது. அந்த வருஷம் மத்திய அரசின் பாதுகாப்பு விதி அதைக் கட்டாயமாக்கியது. செவ்ரலே கமாரோவின் 67-ஐயும் 68-ஐயும் தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். 67-ல் பக்க விளக்கு கிடையாது, முன் ஜன்னலில் முக்கோணக் கண்ணாடி உண்டு. 68-ல் விளக்கு வந்தது, முக்கோணம் போய்விட்டது. டாட்ஜ் சார்ஜரில் சட்டம் உதவாது, 68, 69 இரண்டிலும் விளக்கு உண்டு. அங்கே பின்னால் போய் நில்லுங்கள். 68-ல் பக்கத்துக்கு இரண்டு வட்டம். 69-ல் நீளமான பட்டை விளக்கு, முன்னால் க்ரில்லை நடுவில் பிரிக்கும் துண்டு. 70-ல் க்ரில்லைச் சுற்றி க்ரோம் பம்பர் ஒரு வளையமாகிவிடும்.

கேடிலாக் 59, 60 பற்றி மட்டும் ஊர் சொல்வதோடு எனக்கு ஒத்துப்போகாது. 59-ன் ஃபின்தான் எல்லாவற்றிலும் உயரம். அதில் ராக்கெட் மாதிரி இரட்டைக் குண்டு விளக்குகள். கூட்டம் அங்கேதான் மொய்க்கும். பிளிமத்தின் ஃபின்னைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் டிசைனர்கள் பதறியடித்து வரைந்த வருஷம் அது. 1956 ஆகஸ்டில் சக் ஜோர்டன் என்கிற இளம் டிசைனர், கிறைஸ்லர் வளாகத்து வேலிக்கு அப்பால் நின்ற 57 பிளிமத்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சகாக்களிடம் சொன்னதிலிருந்து தொடங்கிய கதை. 60-ல் அதே கூரை, அதே கண்ணாடி. ஃபின் மட்டும் இறங்கி, குண்டுகள் போய், கத்தி விளிம்பு மாதிரி ஆகிவிட்டது. 59 கத்துகிறது, 60 பேசுகிறது. பணம் இருந்தால் நான் 60-ஐத்தான் வாங்குவேன். பணம் இல்லாததால் இந்தக் கருத்தைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பிட வேண்டுமானால் எல்லாக் காரையும் ஒரே கோணத்தில் எடுங்கள். நான் ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து முன் இடது மூலையில் ஒன்று, பின் இடது மூலையில் ஒன்று, நேர்ப் பக்கவாட்டில் ஒன்று எடுப்பேன். நின்றபடி எடுத்தால் பேனட்தான் பெரிதாகத் தெரியும். அப்புறம் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரட்டை நிறப் பெயின்ட் கண்ணை ரொம்ப ஏமாற்றும். வெள்ளையும் நீலமும் பிரியும் கோட்டைத் தகட்டின் கோடு என்று நினைத்துக்கொள்வோம். நிறம் போனபின்தான் அடியிலுள்ள வடிவம் வெளியே வரும். பெரியவர் காரின் பக்கவாட்டில் ஒரு மடிப்பு இருப்பதாக மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். மடிப்பே இல்லை, க்ரோம் பட்டையும் அதற்குக் கீழே வேறு நிறமும்தான்.

காரில் கை வைக்காதீர்கள். சொந்தக்காரர் வருஷத்தைத் தப்பாகச் சொன்னாலும் நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள். இதையும் பட்டுத்தான் கற்றேன், விவரம் வேண்டாம்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்டு பக்கம் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலம். 1995-லிருந்து நடக்கிறது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை சாலையோரம் முழுக்க மடக்கு நாற்காலி போட்டு ஜனம் உட்கார்ந்திருக்கும். போன வருஷம் பெரியவருக்கு முட்டிவலி, தன் காரை எடுக்கவில்லை. நான்தான் அழைத்துப் போனேன். புல்தரையில் அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று, நடுவில் ஐஸ் பெட்டி. வெயிலும் புகையும் பெட்ரோல் வாசனையுமாக வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஒரு பெரிய பிக்கப் எங்கள் முன்னால் நின்றது. அதற்கு அப்பால் ஒரு கார். கூரையும் ஜன்னல் வரியும், பின்கதவின் மேலுள்ள அந்தச் சின்ன இறக்கமும் மட்டும் தெரிந்தன. பெரியவர் முழங்கையால் இடித்து, "என்ன வருஷம்?" என்றார்.

பார்த்தேன். எவ்வளவு பார்த்தாலும் அவ்வளவுதான் தெரியும். "ஐம்பத்தஞ்சு, ஆறு, ஏழு. இதற்கு மேல் சொல்ல முடியாது" என்றேன்.

"அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று ஐஸ் பெட்டியைத் திறந்தார். பிக்கப் நகர்ந்தது. பின்பக்கம் தெரிந்தது. ஃபின் இல்லை, பக்கவாட்டில் மூடியும் இல்லை.